லினக்ஸ் டிரைவரில் (வன்பொருளை இயக்கும் நிரலில்) எழுத்தை எண்ணாக மாற்ற சிம்பிள்_ஸ்ட்ர்டூயூஎல் என்ற பழைய ஃபங்ஷன் போதாதா?

போதாது. பெங்களூரில் ஏதோ ஒரு எம்பெடட் (கருவிகளுக்குள் ஓடும் மென்பொருள்) டீமில் புதிதாகச் சேர்ந்திருப்பீர்கள், ரிவ்யூவில் அந்த ஃபங்ஷன் உள்ள வரியைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அனுப்பியவர் செய்தது சரிதான்.

சிஸ்எஃப்எஸ் (டிரைவர் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) வழியாக மின்விசிறி வேகத்தை மாற்றும் டிரைவர் என்று வையுங்கள். மதிப்பு 0 முதல் 255 வரை, யூ8-ல் (8 பிட் முழு எண்) வைக்கிறீர்கள். பயனர் 300 எழுதினால், யூ8-க்குள் போகும்போது அது 44 ஆகிவிடும். சிப் கொதிக்கும், விசிறி மெதுவாகச் சுற்றும். 200 அடிக்கும்போது முதல் பூஜ்ஜியத்துக்குப் பதில் ஆங்கில ஓ விழுந்தால் கிடைப்பது 2. 'ஃபுல்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் 0, விசிறியே நின்றுவிடும். மூன்றிலும், மதிப்பைக் கோப்பில் எழுதும் எக்கோ கட்டளை எந்தப் பிழையும் காட்டாமல் முடியும். அந்த ஃபங்ஷன் திருப்பித் தருவதே எண் என்பதால், பிழையைச் சொல்ல அதற்கு வழியே இல்லை.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில், 2.6.39 பதிப்பில், 2011-லேயே, இதே வேலைக்கான கேஸ்ட்ர்டூ ஃபங்ஷன் குடும்பம் வந்துவிட்டது. இங்கே கேஸ்ட்ர்டூயூ8 போடுங்கள். அது திருப்புவது பிழை எண்; மதிப்பு பாயின்டர் (நீங்கள் தரும் வேரியபிளின் முகவரி) வழியாக வரும். 300-க்கு மைனஸ் ஈரேஞ்ச் (வரம்பு மீறல்), மற்ற இரண்டுக்கும் மைனஸ் ஈஇன்வால் (செல்லாத உள்ளீடு). எக்கோ கடைசியில் சேர்க்கும் ஒரு நியூலைனை ஏற்கும், முன்னால் உள்ள இடைவெளியை ஏற்காது. பிழை வந்தால் உங்கள் வேரியபிளைத் தொடாது, ஆகவே ரிட்டர்னைப் பார்க்காமல் மதிப்பை எடுத்தால் ஸ்டேக்கில் கிடந்த குப்பைதான் ரெஜிஸ்டருக்குப் போகும்.

பேஸ் (எண் முறையின் அடிமானம்) இடத்தில் 0 போடும் பழக்கத்தை விடுங்கள். 0 போட்டால் '0100' ஆக்டல் (எட்டடிமான எண்) ஆகி 64 வரும், '08' ஈஇன்வால் ஆகும். மனிதர் கையால் அடிக்கும் எண்ணுக்கு 10 என்றே எழுதுங்கள்.

"கெர்னலுக்குள் பழையது இன்னும் இருக்கிறதே" என்று யாராவது கமென்டில் வருவார்கள். இருக்கிறது. '10,20' மாதிரி ஒரே வரியை நடுவில் நிறுத்தி நிறுத்திப் பிரிக்க அது உதவும். வரம்புச் சோதனை முழுக்க உங்கள் பொறுப்பு. ஒற்றை எண்ணுக்கு அதை எடுக்கக் காரணமே இல்லை.

பெங்களூர் இன்டர்வியூக்களில் ஏடூஐ-யை (எழுத்தை எண்ணாக்கும் சி ஃபங்ஷன்) போர்டில் எழுதச் சொல்வார்கள். இதுவரை வந்ததைப் பத்தால் பெருக்கி அடுத்த இலக்கத்தைக் கூட்டினால் பாஸ். ஓவர்ஃப்ளோ ஆனால் (எண் இடத்துக்குள் அடங்காவிட்டால்) என்ன திருப்புவாய் என்று கேட்பவர் அபூர்வம். அதே பழக்கம்தான் டிரைவருக்குள்ளும் வந்து உட்காருகிறது. எனக்கு அதில் உண்மையாகவே கோபம் உண்டு.

சிஸ்எஃப்எஸ்-க்குப் பதில் டிபக்எஃப்எஸ் (பிழை தேடுவதற்கான கோப்பு இடம்) என்றால் வரும் பஃபர் பயனர் நினைவகத்தில் இருக்கும், முடிவில் நல் (எழுத்துச்சரம் முடிந்ததைக் காட்டும் பைட்) இருக்காது. நேரடியாகக் கொடுக்காமல் கேஸ்ட்ர்டூயூ8_ஃப்ரம்_யூசர் பயன்படுத்துங்கள். சிஸ்எஃப்எஸ்-ல், வெற்றி என்றால் ஸ்டோரிலிருந்து (எழுதும்போது ஓடும் உங்கள் ஃபங்ஷன்) கவுன்ட்டைத் (வந்த பைட்டுகளின் எண்ணிக்கை) திருப்புங்கள். கேஸ்ட்ர்டூயூ8 தந்த 0-வை அப்படியே திருப்பினால் ஒரு பைட்டும் எழுதப்படவில்லை என்று பொருள். எழுதும் நிரல் திரும்பத் திரும்ப முயன்று தொங்கிப்போகலாம்.