பூவும் ரிப்பனும் இல்லாமல் அப்பாவுக்கு ஒரு பிறந்தநாள் கார்டு

கேள்வி: அப்பாவின் பிறந்தநாளுக்குக் கையால் கார்டு செய்ய ஆசை. இணையத்தில் பார்ப்பதெல்லாம் பூ, முத்து, சாட்டின் ரிப்பன் என்றே இருக்கிறது. ரப்பர் ஸ்டாம்பை மட்டும் வைத்து, அடுக்கடுக்காக, ஆண்களுக்குப் பொருந்துகிற மாதிரி செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். பூவை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எதை வைப்பது என்றுதான் பலரும் திணறுகிறார்கள். கடைசியில் மீசை, டை, பைக் என்று கடையில் கிடைக்கிற ‘ஆண்கள் செட்’ ஸ்டாம்புகளை வாங்கி நிரப்பிவிடுகிறார்கள். எனக்கு அவை பிடிப்பதில்லை. அந்தக் கார்டை எந்த அப்பாவுக்கும் கொடுக்கலாம், அதனால் எந்த அப்பாவுக்கும் அது சொந்தமாவதில்லை.

காலி இடத்தை நிரப்ப வேண்டிய அவசியமே இல்லை. அடுக்குகளின் ஓரங்களே அலங்காரமாக இருக்கட்டும். நேராக வெட்டிய தாள்கள், சுற்றிலும் ஒரே அளவு விளிம்பு தெரியும்படி ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தாலே கார்டுக்கு ஒரு கம்பீரம் வந்துவிடும். மேலே வருகிற படம் மட்டும் அவருடையதாக இருக்க வேண்டும். உங்கள் அப்பாவின் கை எதைப் பிடித்துப் பழகியது? ஸ்பேனரா, இஞ்சி டேப்பா, தராசா, தறி நாடாவா, பஸ் கண்டக்டரின் விசிலா? அதுதான் உங்கள் ஸ்டாம்ப்.

என் மாமா மதுரையில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கீ கொடுக்கிற எச்எம்டி ஜனதாவைப் பேச்சு கொடுத்துக்கொண்டே பிரித்து, பேசி முடிப்பதற்குள் மாட்டிவிடுவார். அவருடைய அறுபதாவது பிறந்தநாளுக்கு நான் செய்த கார்டை வைத்தே சொல்கிறேன். அதில் பல் சக்கரமும் கடிகார டயலும் வரும்; அந்த இடங்களில் உங்கள் அப்பாவின் பொருளை வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நிறம். மூன்றுக்கு மேல் போகாதீர்கள். நான் எடுத்தது காக்கி, கருநீலம், துருச்சிவப்பு; ஸ்டாம்ப் போடுவதற்கு மட்டும் கொஞ்சம் கிரீம் தாள். கருநீலத்தின் மேல் வெள்ளைக் கோடு விழுந்தாலே பட்டறை வாசனை வந்துவிடுகிறது, அதற்குக் காரணமும் உண்டு. 1842-இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த சயனோடைப் முறையில்தான் பின்னாளில் இன்ஜினியர்களின் வரைபடங்கள் நகலெடுக்கப்பட்டன. ப்ளூபிரிண்ட் என்கிறோமே, அந்த நீலத்தாள்தான் அது. இயந்திரத்தோடு வாழ்ந்த மனிதருக்கு இந்த நிறச்சேர்க்கை எப்போதும் பொருந்தும். விவசாயம் பார்த்தவர் என்றால் பாட்டில் பச்சையும் காக்கியும் நன்றாக இருக்கும்.

தாளுக்காக அலைய வேண்டாம். சென்னையில் இருப்பவர்களுக்குப் பாரிமுனை ஆண்டர்சன் தெரு இருக்கிறது. தாளும் கல்யாணப் பத்திரிகையும் விற்கிற கடைகள் வரிசையாக இருக்கும், கையால் தடவிப் பார்த்து வாங்கலாம். அடித்தளத்துக்கு 250 முதல் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) கனம் வேண்டும். மேல் அடுக்குகளுக்கு 150 முதல் 200 போதும். பழகிப் பார்ப்பதற்கு வீட்டில் சேர்ந்திருக்கும் கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கமே நல்ல அட்டை. பள்ளி நோட்டுக்கு அட்டை போடுகிற பிரவுன் தாளையும் பயன்படுத்தலாம். மெல்லியது என்பதால் அதை இன்னொரு அட்டையின் மேல் ஒட்டித்தான் எடுக்க வேண்டும்.

அளவுகள். ஏ4 அட்டையின் நீளப் பக்கத்தைப் பாதியாக வெட்டினால் 210-க்கு 148 மி.மீ. துண்டுகள் இரண்டு கிடைக்கும். ஒவ்வொன்றையும் நடுவில் மடித்தால் 105-க்கு 148, அதாவது ஏ6 கார்டு. சி6 என்று கேட்டு வாங்கும் கவர் இதற்குச் சரியாக இருக்கும். தாளின் நார் எந்தத் திசையில் ஓடுகிறதோ, அதே திசையில் மடிப்பு விழுந்தால் விளிம்பு வெடிக்காது. அட்டையை இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ, அந்த வளைவின் அச்சுதான் நாரின் திசை.

மடிக்கும் முன்னால் இரும்பு ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி ஒரு கோடு இழுங்கள். கோட்டின் பள்ளம் கார்டின் வெளிப்பக்கமும் அதன் புடைப்பு உள்பக்கமும் வருமாறு மடிக்க வேண்டும். பலர் பள்ளத்துக்குள்தான் மடிக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். அப்படி மடித்தால் வெளிப்புறத் தாள் அதிகமாக இழுபட்டு வெடிக்கும். மடித்தபின் எவர்சில்வர் கரண்டியின் முதுகால் ஒருமுறை நீவிவிடுங்கள்.

காக்கிதான் அடித்தளம். அதன் மேல் கருநீலம் 99-க்கு 142 மி.மீ.; நாலா பக்கமும் 3 மி.மீ. காக்கி தெரியும். அதன் மேல், நடுவுக்குச் சற்று மேலே, 64 மி.மீ. துருச்சிவப்புச் சதுரம். அதன் மேல் 60 மி.மீ. கிரீம் சதுரம், இங்கே விளிம்பு 2 மி.மீ. மட்டுமே. கீழே வலது ஓரத்தைத் தொட்டபடி வாழ்த்து எழுதிய கிரீம் பட்டை ஒன்று. அவ்வளவுதான் கட்டமைப்பு. விளிம்பு ஒரு பக்கம் 2, இன்னொரு பக்கம் 3 என்று இருந்தால் கண் உடனே கண்டுபிடித்துவிடும். எனவே வெட்டுவதில் பொறுமை வேண்டும். கட்டர் பிளேடைப் புதிதாகப் போடுங்கள், ஒரே அழுத்தில் அறுக்காமல் மூன்று நான்கு முறை மெதுவாக இழுங்கள். கை நிதானப்படாது என்று தோன்றினால் பைண்டிங் கடையில் அளவு எழுதிக் கொடுங்கள், மெஷினில் அச்சாக வெட்டித் தருவார்கள்.

இனி ஸ்டாம்ப். மூன்று வழிகளில் கிடைக்கும். கைவினைக் கடைகளில் விற்கும் கண்ணாடி போன்ற பாலிமர் ஸ்டாம்பை அக்ரிலிக் கட்டையில் ஒட்டிப் பயன்படுத்தலாம். புதிதாக வாங்கியதும் அதன் முகத்தை அழிரப்பரால் லேசாகத் தேய்த்துவிட்டால் மை சீராகப் பிடிக்கும். இரண்டாவது வழி, நாமே செதுக்குவது. பெரிய அழிரப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். படத்தைப் பென்சிலால் தாளில் வரைந்து, ரப்பரின் மேல் கவிழ்த்துத் தேய்த்தால் படம் தானாகவே இடவலம் மாறி ஒட்டிக்கொள்ளும். கோட்டைச் சுற்றியிருக்கும் பகுதியை மட்டும் செதுக்கி எடுத்தால் ஸ்டாம்ப் தயார். என் பல் சக்கரங்கள் இப்படி வந்தவைதான். பல் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் அந்தக் கைவாகு கார்டுக்கு அழகு சேர்க்கும்.

மூன்றாவது வழியைத்தான் நம் ஊரில் யாரும் யோசிப்பதில்லை. ஆபீஸ் சீல் செய்கிற ரப்பர் ஸ்டாம்ப் கடை! நீங்கள் கொடுக்கிற படத்தை அப்படியே ஸ்டாம்பாக எடுத்துத் தருவார்கள். தமிழில் வாழ்த்து வேண்டும் என்றால் இதைவிடச் சுலபமான வழி இல்லை, ஏனென்றால் கைவினைக் கடைகளில் கிடைக்கும் செட்டுகளில் அநேகமாக ஆங்கிலம்தான் இருக்கும். இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். எழுத்தை வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்து அனுப்பாமல் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ கொடுங்கள். கடைக்காரரின் கணினியில் பழைய எழுத்துரு இருந்தால் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். எழுத்தின் உயரம் 5 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். ண, ன, ள போன்றவற்றின் சுழிகளில் மை அடைத்துக்கொள்ளும். மை உள்ளேயே இருக்கும் ஆட்டோமேட்டிக் ஸ்டாம்பையும் தவிருங்கள். சாதாரணக் கைப்பிடி ஸ்டாம்பாகக் கேட்டால்தான் விரும்பிய நிறத்தில் போட முடியும்.

மையில் இரண்டு வகையைத் தெரிந்துகொண்டால் போதும். டை இங்க் தாளுக்குள் இறங்கிச் சீக்கிரம் உலரும். நுணுக்கமான கோடுகளுக்கு ஏற்றது. பிக்மென்ட் இங்க் தாளின் மேலேயே தங்கி மெதுவாக உலரும். மழைக்காலத்தில் இன்னும் இழுக்கும். ஆபீஸ் ஸ்டாம்ப் பேடின் ஊதா மட்டும் வேண்டாம். அதைப் பார்த்தால் யாருக்கும் தாலுகா ஆபீஸ்தான் ஞாபகம் வரும்.

கருநீலத் தாளில் வெறும் வெள்ளை மையைப் போட்டால் சாம்பல் பூத்தது போல மங்கித் தெரியும். அங்கேதான் எம்போசிங் பவுடர் கைகொடுக்கிறது. தாளின் மேல் டால்கம் பவுடரை மெலிதாகத் தடவித் துடைத்துவிடுங்கள், எம்போசிங் பவுடர் கண்ட இடத்தில் ஒட்டாது. வெள்ளை பிக்மென்ட் மையில் பல் சக்கரங்களைப் போட்டு, ஈரம் காய்வதற்குள் வெள்ளை எம்போசிங் பவுடரைத் தூவி, மிச்சத்தைத் தட்டி டப்பாவில் சேர்த்துவிட்டு, சூடான காற்றை வீசும் ஹீட் கன்னால் சூடு காட்டுங்கள். மணல் மாதிரி இருந்த பவுடர் உருகிப் பளபளவென்று புடைத்து நிற்கும். அந்த ஒரு நொடிக்காகவே இந்த வேலையைச் செய்யலாம். தலைமுடி உலர்த்தும் டிரையர் உதவாது. அதில் சூடு போதாது, காற்று பவுடரை அடித்துக்கொண்டு போய்விடும். ஹீட் கன் இல்லாதவர்கள் தோசைக்கல்லை நன்றாகக் காயவைத்து அடுப்பை அணைத்துவிட்டு, தாளை இடுக்கியால் பிடித்துக் கல்லுக்குச் சற்று மேலே காட்டலாம். பளபளப்பு வந்ததும் எடுத்துவிட வேண்டும். சக்கரங்கள் சில தாளின் விளிம்புக்கு வெளியே ஓடிப்போகட்டும். முழு சக்கரங்களாகவே அடுக்கினால் அது பார்சல் சுற்றுகிற தாள் போல ஆகிவிடும்.

கிரீம் சதுரத்தில் ஒரு கடிகார டயல். இதற்கு நான் ஒரு வரிசையைப் பின்பற்றுகிறேன்: பெரிய தாளில் ஸ்டாம்பை முதலில் போட்டுவிட்டு, நன்றாக விழுந்ததை நடுவில் வைத்து அளந்து வெட்டுவது. வெட்டிய சதுரத்தில் ஸ்டாம்பை நேராகப் போட முயல்வதைவிட இது எவ்வளவோ நிம்மதி. வாழ்த்துப் பட்டைக்கும் இதே முறைதான். பாலிமர் ஸ்டாம்ப் என்றால் தாளுக்கு அடியில் பழைய மவுஸ் பேடையோ நாலைந்து செய்தித்தாள்களையோ வையுங்கள், எல்லா இடத்திலும் அழுத்தம் சமமாக விழும்.

அடுக்கு என்பது தாளில் மட்டும் இல்லை, மையிலும் உண்டு. ஸ்டாம்பில் மை தொட்டு முதலில் வேறு தாளில் ஒருமுறை போட்டுவிட்டு, மறுபடி மை தொடாமல் கார்டில் போட்டால் வெளிறிய அச்சு விழும். டயலுக்குப் பின்னால் இப்படி வெளிறிய சக்கரம் ஒன்று இருந்தால் ஆழம் தெரியும். டயலின் மேல் சக்கரம் ஏறிவிடாமல் இருக்க, டயலை ஸ்டிக்கி நோட்டில் ஒருமுறை போட்டு வெட்டியெடுத்து, கார்டில் இருக்கும் டயலை அதனால் மூடிவிட்டுச் சக்கரத்தைப் போடுங்கள். ஸ்டிக்கி நோட்டை உரித்ததும் சக்கரம் பின்னால் போய் நிற்கும்.

என் டயல் ஸ்டாம்பில் முள் கிடையாது. வேண்டுமென்றே விட்டேன். சின்ன முள்ளையும் பெரிய முள்ளையும் கறுப்புப் பேனாவால் நானே வரைவேன், அவர் பிறந்த நேரத்துக்கு. நம் வீடுகளில் ஜாதகம் இருக்கும்வரை பிறந்த நேரத்துக்குப் பஞ்சமில்லை. பழைய ஜாதகங்களில் மணிக்குப் பதிலாக உதயாதி நாழிகை என்று எழுதியிருப்பார்கள். சூரிய உதயத்திலிருந்து எத்தனை நாழிகை என்பது அதன் கணக்கு. ஒரு நாழிகை 24 நிமிடம். 12 நாழிகை என்றால் உதயத்துக்குப்பின் 4 மணி 48 நிமிடம். உதயம் 6 மணி என்றால் பிறந்தது 10.48. அம்மாவிடமோ அத்தையிடமோ கேட்டால் ஜாதகக் கட்டோடு எடுத்துக் கொடுப்பார்கள். மாமா கார்டை வாங்கியதும் தன் கண்ணில் மாட்டுகிற லென்ஸை எடுத்து முட்களைத்தான் பார்த்தார். ஏன் அந்த நேரம் என்று யாரும் அவருக்கு விளக்கவில்லை, அவரே கண்டுபிடித்தார்.

ஒட்டும்போது வெள்ளைப் பசை வேண்டாம். அதிலுள்ள தண்ணீர் தாளை நெளித்துவிடும். டபுள் சைடு டேப் அல்லது பசைக்குச்சி போதும். கருநீலத்தை அடித்தளத்தின் மேல் தட்டையாக ஒட்டுங்கள். துருச்சிவப்பும் கிரீமும் தமக்குள் தட்டையாக ஒட்டி, அந்த ஜோடியை மட்டும் 2 மி.மீ. ஃபோம் டேப்பால் உயர்த்துங்கள். எல்லா அடுக்கையும் உயர்த்தினால் கார்டு கவரில் நுழையாது, நிழலும் குழம்பிவிடும். ஒரே இடம் உயர்ந்திருந்தால்தான் கண் அங்கே போகும். கிரீமுக்கு அடியில் மறைந்துபோகிற துருச்சிவப்பின் நடுவிலிருந்து 50 மி.மீ. சதுரத்தை முன்னாலேயே வெட்டியெடுத்துவிடலாம். எடை குறையும், அந்தத் துண்டு அடுத்த கார்டுக்கு உதவும். சில நிறத்தாள்களை வெட்டினால் விளிம்பில் உள்ளிருக்கும் வெள்ளை பளிச்சென்று தெரியும். அதே நிற மைப்பேடை ஓரத்தோடு ஒருமுறை உரசிவிட்டால் மறைந்துவிடும்.

உள்பக்கம் காக்கியில் எழுத்து எடுக்காது. 95-க்கு 138 மி.மீ. கிரீம் தாள் ஒன்றை ஒட்டி, அதில் கையால் எழுதுங்கள். இங்கே ஸ்டாம்ப் வேண்டாம் என்பது என் எண்ணம். வெளியே அச்சு இருக்கட்டும், உள்ளே உங்கள் கையெழுத்து இருக்கட்டும். அப்பாவிடம் நேரில் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே இரண்டு வரி எழுதினால் போதும்.

முடித்ததும் ஓர் இரவு கனமான புத்தகத்துக்கு அடியில் வையுங்கள். ஃபோம் டேப் நசுங்காமல் இருக்க, உயர்ந்த சதுரத்தின் அளவுக்கு நடுவில் ஓட்டை வெட்டிய அட்டை ஒன்றை மேலே போட்டு அதன்மேல் புத்தகத்தை வைப்பது நல்லது. தபாலில் அனுப்புவதாக இருந்தால் கவருக்குள் ஒரு கெட்டி அட்டையையும் சேர்த்து, தபால் நிலையக் கவுண்டரில் எடை போட்டே தபால்தலை ஒட்டுங்கள். இத்தனை அடுக்கு இருக்கும்போது சாதாரணக் கடிதத்தின் எடையைத் தாண்டிவிடும்.