கிளிப்பிள்ளைகளின் செபம்

அன்புள்ள அக்கா,

எனக்கு 35 வயது. பிறப்பிலேயே கத்தோலிக்கன். ஞாயிறு பூசையைத் தவறவிட்டதில்லை. ஆனால் எல்லாமே பழக்கமாகிவிட்டது. செபமாலை சொல்லும்போது கிளிப்பிள்ளை மாதிரி உதடு அசைகிறது, மனசு ஆபீஸில் இருக்கிறது. பிதற்ற வேண்டாம் என்று இயேசுவே சொல்லியிருக்கிறாரே (மத்தேயு 6:7)? சொந்த வார்த்தைகளில் செபிக்க உட்கார்ந்தால் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓடவில்லை. போனில் மூன்று செப ஆப் வைத்திருக்கிறேன். இந்தத் தவக்காலத்திலாவது விசுவாசம் ஆழப்பட ஒரு திட்டம் சொல்லுங்கள். அசைவத்தை விடுவதா, போனை விடுவதா? பாவசங்கீர்த்தனம் எத்தனை நாளுக்கு ஒருமுறை? என்ன படிக்கலாம்?

பி.கு.: தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனுக்குச் சாம்பல் எடுக்கப் பழைய குருத்தோலைகளைப் பங்கில் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் திரு இருதயப் படத்துக்குப் பின்னால் இருப்பது போன வருடம் அம்மா செருகியது. ஜூனில் அம்மா இறந்துவிட்டார். கொடுக்க மனம் வரவில்லை.

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.)

அன்புள்ள தம்பி,

லேசான கேள்விகளை முதலில் கழித்துவிடுகிறேன். அசைவமா போனா என்று சீட்டுக் குலுக்கிப் போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு இரண்டும் ஒன்றுதான். திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி, ஒருவேளைச் சாப்பாட்டோடு நோன்பு. அதை ஒழுங்காக இருந்தாலே உங்கள் வயதுக்குப் பெரிய காரியம். பாவசங்கீர்த்தனம் கனமான பாவம் இருந்தால் வருடத்துக்கு ஒருமுறையாவது என்பது சட்டம். போக வேண்டும் என்று தோன்றுகிறதல்லவா, போங்கள். பெரிய வாரத்தில் வரிசை கோயில் வாசல் வரை நிற்கும், அதற்கு முன்னால் போங்கள். புத்தகம் எதுவும் சொல்லப்போவதில்லை. மூன்று ஆப் வைத்திருப்பவருக்குப் படிக்க ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

எனக்குச் சுருக்கென்றது அந்தக் கிளிப்பிள்ளைதான். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று ஒரு வருடமாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மத்தேயு 6:7-ஐக் காட்டியிருக்கிறீர்கள். இரண்டு வசனம் தள்ளிப் படித்தீர்களா? பிதற்றாதீர்கள் என்று சொன்ன கையோடு, இப்படிச் செபியுங்கள் என்று வார்த்தை வார்த்தையாக ஒரு செபத்தைச் சொல்லிக்கொடுக்கிறார். சிலுவையில் தொங்கும்போது, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று அவர் கதறியதே சொந்த வாக்கியம் இல்லை. திருப்பாடல் 22-இன் முதல் வரி. யூதர்கள் செபமாகச் சொல்லிவந்த பாட்டு. உயிர் போகிற வலியில் அவரே மனப்பாடத்தைத்தான் பிடித்துக்கொண்டார். உங்களுக்கு மட்டும் அது கேவலமாகத் தெரிகிறதா?

நான் பிறந்தது தூத்துக்குடிப் பக்கம், முத்துக்குளித்துறைக் கரையில். எங்கள் ஊர்க்காரர்களின் விசுவாசத்துக்கு மூத்த கிளிப்பிள்ளை யார் தெரியுமா? புனித பிரான்சிஸ் சவேரியார். 1542-இல் அவர் இங்கே வந்தபோது மக்கள் ஞானஸ்நானம் வாங்கிச் சில வருடம் ஆகியிருந்தது. ஆனால் ஒரு செபம் சொல்லத் தெரியாது, சொல்லிக்கொடுக்க ஆளில்லை. அவருக்கோ தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் தெரிந்தவர்களை உட்காரவைத்து, விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த செபம், மாதாவை நோக்கிச் சொல்லும் மங்கள வார்த்தை எல்லாவற்றையும் தமிழில் எழுத வைத்தார். அதை உருப்போட்டார். கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக அடித்துக்கொண்டே போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். கற்றதை வீட்டில் தாய் தகப்பனுக்குச் சொல்லிக்கொடு என்று அனுப்பினார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து அவர் எழுதிய கடிதத்தில் இதெல்லாம் இருக்கிறது. தனக்கே சரியாகப் புரியாத மொழியில், உருப்போட்டதை ஒருவர் சொல்ல, ஊரே திருப்பிச் சொல்லியிருக்கிறது. பிற்பாடு போர்ச்சுகலிலிருந்து அண்டிரிக் அடிகளார் வந்து தமிழை முறையாகப் படித்து, 1578-இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்ற புத்தகத்தை அச்சிட்டார். 16 பக்கம். இந்திய எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் புத்தகம் என்று பெருமையாகச் சொல்கிறோமே, அதுவும் செபமும் ஞான உபதேசமும்தான், மனப்பாடம் பண்ணுவதற்கு. உங்கள் ஆப் அதன் கொள்ளுப்பேத்தி.

சரி, எங்கள் வீட்டுக் கிளிப்பிள்ளைக்கு வருகிறேன், என் பாட்டிதான். எங்கள் ஆச்சி சாயங்காலம் உலையில் அரிசியைப் போட்டுவிட்டுத்தான் 53 மணிச் செபத்துக்கு (மங்கள வார்த்தையைப் பத்துப் பத்தாகச் சொல்லும் செபமாலைதான்) முழங்கால் போடுவாள். மூன்றாவது பத்து முடியும்போது ஒருமுறை எழுந்து ஒரு பருக்கையை நசுக்கிப் பார்ப்பாள். நாலாவது பத்தில் சோற்றை வடிப்பாள், வாய் நிற்காது. "பிரியதத்தத்தினாலே பூரண, ஏட்டி அந்தப் பூனைய வெரட்டு, மரியாயே வாழ்க." விட்ட சொல்லிலிருந்து அப்படியே தொடர்வாள், ஒருநாளும் பிசகியதில்லை. எங்காவது பிசகுவாளா என்று நானும் தம்பியும் சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருப்போம். உங்கள் கணக்குப்படி இது கவனமில்லாத செபம், இல்லையா?

ஆனால் கடலுக்குப் போன வள்ளம் நேரத்துக்குத் திரும்பாத நாட்கள் உண்டு. அன்றைக்கும் அதே 53 மணிதான். ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது. தாத்தாவைக் காப்பாற்று என்று ஆச்சி தனியாக எதுவும் சொல்லி நான் கேட்டதில்லை. வேகம் மட்டும் குறையும். "இப்பொழுதும், எங்கள் மரண நேரத்திலும்" என்று வரும் இடத்தில் இரண்டு சொல்லுக்கு நடுவில் அலைச் சத்தம் கேட்கும். அன்று நாங்கள் சிரித்ததில்லை. தினமும் பூனையை விரட்டிக்கொண்டு சொன்னதால்தான் அன்றைக்குச் சொல்ல அவளிடம் வார்த்தை இருந்தது.

பிரியதத்தம் என்றால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். "பிரியமாக் குடுத்தது" என்றாள். அவ்வளவுதான். அருள் என்று இப்போது சொல்கிறோம், நல்ல சொல், குறையொன்றும் இல்லை. ஆனாலும் எழுத்துக்கூட்டிப் படிக்கவே சிரமப்பட்டவள் ஒரே மூச்சில் சொன்ன அந்த விளக்கத்தை எந்த மறைக்கல்வி வகுப்பிலும் நான் கேட்டதில்லை. (பூசை தமிழுக்கு வந்து, செபங்களும் புதுத் தமிழுக்கு மாறிய பிறகும் ஆச்சி மாறவில்லை. ஊரே 'அருள் நிறைந்த' சொல்லும்போது அவள் மட்டும் பழையதைச் சொல்லி, கடைசியில் அரை வரி பிந்தி ஆமென் போடுவாள். மாதாவுக்கு நான் பேசுவது பழகியிருக்கும் என்பாள்.)

சொந்த வார்த்தைகளில் செபிப்பது தவறென்று நான் சொல்லவில்லை. என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த ராத்திரி நானும் முயன்று பார்த்தேன். வராந்தாவில் நின்று, ஆண்டவரே என்று தொடங்கி, ஒரு நிமிடத்தில் பில் தொகையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு, என், என்னை, எனக்கு. உங்கள் இரண்டு நிமிடத்தையும் ஒருநாள் காது கொடுத்துக் கேட்டுப் பாருங்கள், இதுதான் இருக்கும். வாய்ப்பாடமான செபத்தில் எல்லாம் எங்கள், எங்களுக்கு, எங்களுக்காக. பக்கத்துப் படுக்கைக்காரரும் அதில் வந்துவிடுவார். அன்று ராத்திரி கடைசியில் என் வாயில் வந்தது நாற்பது வருடமாக நான் சொல்லாத அந்தப் பழைய பிரியதத்தம்தான். எத்தனை முறை சொன்னேன் என்று எண்ணவில்லை, செபமாலையும் கையில் இல்லை.

அதனால், தயவுசெய்து, இன்னொரு ஆப் தேடாதீர்கள். மனசு ஆபீஸுக்குப் போனால் போகட்டும். உதடு வீட்டில் இருக்கிறதல்லவா? ஆச்சிக்கு உலை இருந்த மாதிரி உங்களுக்கும் ஏதாவது இருக்கும். பஸ்ஸில் போகிறீர்களென்றால் எந்த நிறுத்தத்தில் எத்தனையாவது பத்து வருகிறது என்று பாருங்கள். உணர்ச்சி வரவில்லை என்று கடிதத்தில் மட்டும் எழுதாதீர்கள். நீங்கள் எழுதியதில் எனக்குக் கோபம் வந்த இடம் அது ஒன்றுதான். இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று இந்தப் பதிலை வாசித்துப் பார்த்த என் கணவர் கேட்கிறார். உங்கள் கடிதத்தில் உணர்ச்சி என்ற சொல்லே இல்லையாம். சரி, அப்படியானால் அதை வேறு யாருக்காவது வைத்துக்கொள்கிறேன்.

ஓலை விஷயம். பின்குறிப்பில் போட்டிருக்கிறீர்கள், அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். அம்மா அந்த ஓலையை எப்படி மடித்திருக்கிறார்? சிலுவையாகவா, சும்மா நீளமாகவா? ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கொடுத்துவிடுங்கள். எல்லா வீட்டு ஓலையோடும் சேர்த்து எரித்து, சலித்து, ஒரு கிண்ணத்தில் வைப்பார்கள். புதன்கிழமை உங்கள் நெற்றியில் பூசுகிற சாமியாருக்கு எது யார் வீட்டு ஓலை என்று தெரியாது. காலைப் பூசைக்கே போய்விடுங்கள், சாயங்காலம் கூட்டம் தாங்காது.

அன்புடன்,
அக்கா