பிட்யூட்டரி கட்டி அறுவை சிகிச்சைக்குப் பிறகும் பார்வை மங்கலாகவே இருக்கிறது. கண்ணாடியை மாற்றினால் சரியாகுமா?

உங்கள் தாயாருக்கு மூக்கு வழியாகக் கட்டியை அகற்றி ஒரு மாதம் ஆகியும் பார்வையின் இரு ஓரங்களும் தெளியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இதே அறுவை சிகிச்சையைச் செய்துகொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: இப்போதைக்குக் கண்ணாடிக் கடைக்குப் போக வேண்டாம், பார்வைப் புலப் பரிசோதனைத் தாள்களைத் தேடி எடுங்கள். நேராகப் பார்க்கும்போது கண்ணுக்குத் தெரியும் பரப்புதான் பார்வைப் புலம்.

பெரும்பாலும் கோளாறு கண்ணில் இருப்பதில்லை. இரு கண்களின் பார்வை நரம்புகளும், மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சற்று மேலே சந்திக்கின்றன. வெளி ஓரக் காட்சியைக் கொண்டுசெல்லும் இழைகள் அங்கேதான் எதிர்ப்பக்கத்துக்குக் கடப்பதால், கீழிருந்து வளரும் கட்டி முதலில் நசுக்குவது அவற்றைத்தான். நடுப்பார்வை தப்பிவிடுவதால் நோய் பிடிபடத் தாமதமாகிறது. நான் எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை பிழையின்றிப் படித்துவிட்டு, அந்த அறையை விட்டு வெளியேறும்போதே கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டேன்.

அழுத்தம் நீங்கியதும் சிலருக்கு ஓரிரு நாட்களிலேயே தெளிவு வருகிறது. எனக்கு மயக்கம் தெளிந்தபோது எதிர்ச்சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியின் சிவப்பு, பல மாதங்களாக நான் காணாத அழுத்தத்துடன் தெரிந்தது. அதன் பிறகான முன்னேற்றம் மெதுவானது. நசுங்கிய இழைகளின் மேலுறை மீண்டும் உருவாக வாரங்களும் மாதங்களும் பிடிக்கும், ஓராண்டு கடந்தும் சிலருக்குப் புலம் விரிவதுண்டு. ஆனால் அழிந்துவிட்ட இழை திரும்பாது. விழித்திரை நரம்பு அடுக்கின் தடிமனை அளக்கும் ஓசிடி ஸ்கேன் எடுத்தால், எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதை மருத்துவரால் ஓரளவு கணிக்க முடியும். அடுக்கு மிகவும் மெலிந்திருந்தால் முழு மீட்சிக்கு வாய்ப்பு குறைவு.

புலப் பரிசோதனையில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தாடையைத் தாங்கியில் வைத்து, ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். களைப்பாக இருந்தால் முடிவு தவறாக வரும் என்பதால், அம்மாவைக் காலையில் அழைத்துச் செல்லுங்கள். ஒரே கண்ணுக்கான அறுவைக்கு முந்தைய தாளையும் புதிய தாளையும் அருகருகே வைத்து, பார்வை தெரியாத இடத்தைக் காட்டும் கறுத்த பகுதி சுருங்கியிருக்கிறதா என்று மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பார்வை திடீரென மேலும் குறைந்தாலோ, கடும் தலைவலியும் வாந்தியும் வந்தாலோ, மூக்கிலிருந்து தண்ணீர்போல ஒழுகினாலோ அன்றே மருத்துவமனைக்குச் சென்றுவிட வேண்டும். இரட்டையாகத் தெரிந்தால் அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள். அது பெரும்பாலும் கண்ணை அசைக்கும் நரம்புகள் பாதிக்கப்படுவதால் வருவது. அம்மா வண்டி ஓட்டுபவர் என்றால், புலத்தாளைப் பார்த்து மருத்துவர் சம்மதிக்கும் வரை சாவியை நீங்களே வைத்திருங்கள்.