பழைய ராப் ஆல்பத்துக்கு இன்று எத்தனை மார்க்?

80, 90-களில் வந்த ஹிப் ஹாப் ஆல்பங்களை மறுபடி முழுசாகக் கேட்டு, சென்ற இதழில் மார்க் போட்டிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

நியூயார்க் ராப்பர் நாஸின் ‘இல்மாட்டிக்’குக்கு 10-க்கு 10 போட்டிருக்கிறீர்கள். மூன்று தடவை கேட்டுவிட்டேன். பீட் பழசாக இருக்கிறது, மனதில் நிற்கிற மாதிரி ஹூக்கும் (திரும்பத் திரும்ப வருகிற வரி) அதிகம் இல்லை. எல்லோரும் புகழ்கிறார்கள் என்பதற்காக நீங்களும் போட்டீர்களா? (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

இல்லை தம்பி. எனக்கும் முதலில் பிடிக்கவில்லை. மாமா பையன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கேசட்டில்தான் முதல் முதலாகக் கேட்டேன், அப்போது எனக்கு ராப் என்றால் ஆட வைக்க வேண்டும், இதில் ஆடுவதற்கு ஒன்றுமே இல்லையே என்று ஒரு பக்கம் முடிவதற்குள் நிறுத்திவிட்டேன். அன்றைக்கு மார்க் கேட்டிருந்தால் 5 சொல்லியிருப்பேன்.

ஹெட்போனில், ஆரம்பத்திலிருந்து, எதையும் தாண்டாமல் கேட்டுப் பாருங்கள். முதலில் மேம்பாலத்தில் ஓடுகிற ரயிலின் சத்தம் வரும். அதற்கு அடியில் மங்கலாக ஒரு பையன் ராப் பாடுவது கேட்கும். அது நாஸேதான், 1991-இல் மெயின் சோர்ஸ் குழுவின் ட்ராக் ஒன்றில் அவர் பாடிய, வெளியுலகம் கேட்ட அவருடைய முதல் வரிகள். அப்புறம் ‘என்.ஒய். ஸ்டேட் ஆஃப் மைண்ட்’. தயாரிப்பாளர் டிஜே பிரீமியர் ஒரு பழைய ஜாஸ் ரெக்கார்டிலிருந்து வெட்டி எடுத்த கனத்த பியானோ சுற்றிச் சுற்றி வருகிறது, இதை எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை என்று நாஸ் மைக்கில் முணுமுணுக்கிறார், தொடங்கிய பிறகோ மூச்சு விட இடமே தெரியாமல் வரி மேல் வரியாகப் போய்க்கொண்டே இருக்கிறார். 1994 ஏப்ரலில் ஆல்பம் வெளியானபோது அவருக்கு 20 வயது.

நம் யாப்பில் இயைபு என்கிறோமே, வரிக் கடைசியில் ஒலி ஒத்துவருவது, தொடக்க கால ராப்பில் பெரும்பாலும் அது மட்டும்தான் இருந்தது. 1987-இல் எரிக் பி & ராக்கிமின் ‘பெய்ட் இன் ஃபுல்’ வந்தபோது ராக்கிம் அதை வரியின் நடுவுக்குக் கொண்டுவந்து, ஒரு வரியை முடிக்காமலே அடுத்ததற்குள் நுழைந்தார். ராக்கிம் இல்லாமல் நாஸ் இல்லை, அதனால் அந்த ஆல்பத்தையும் சேர்த்துக் கேளுங்கள். ராக்கிம் கொடுத்த அந்தக் கருவியை வைத்து நாஸ் தான் வளர்ந்த குவீன்ஸ்பிரிட்ஜ் என்கிற அரசு அடுக்குமாடிக் குடியிருப்பை அப்படியே நம் கண்முன் கொண்டுவந்துவிட்டார். ‘ஒன் லவ்’ முழுக்கச் சிறையில் இருக்கிற நண்பர்களுக்கு எழுதுகிற கடிதம்: உனக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, வெளியே இன்னார் இப்படி இருக்கிறார், இதுதான் சேதி. ‘லைஃப்ஸ் எ பிச்’ முடியும்போது ஒரு கார்னெட் வாத்தியம் தனியாக ஒலிக்கும். வாசிப்பவர் நாஸின் அப்பா ஓலு டாரா. இது தெரிந்த பிறகு அந்த இடத்தைச் சும்மா கடந்துபோக என்னால் முடிவதில்லை.

பீட் பழசு என்கிறீர்களே, அந்தக் கரகரப்பைத்தான் நான் தேடிப் போய்க் கேட்கிறேன். அன்று நியூயார்க்கில் பலரும் வைத்திருந்த எஸ்பி-1200 என்கிற மெஷினில் மொத்தமாகவே 10 விநாடி சொச்சம்தான் சாம்பிள், அதாவது பழைய ரெக்கார்டிலிருந்து வெட்டி எடுக்கிற துண்டு, பிடிக்கும், ஒலியின் தரமும் குறைவு, 12 பிட்தான். ரெக்கார்டை வேகமாக ஓடவிட்டுப் பதிந்து, பிறகு மெஷினில் வேகத்தைக் குறைத்து இடத்தை மிச்சம் பிடிப்பார்கள். அந்தக் கனமும் தூசியும் ஒட்டிக்கொள்வது அதில்தான். 10 ட்ராக், 40 நிமிடத்துக்கும் குறைவு. ‘ஒன் டைம் 4 யுவர் மைண்ட்’ மற்றவற்றைவிடக் கொஞ்சம் சுமார்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் 10-தான்.

டூபாக்கின் ‘ஆல் ஐஸ் ஆன் மீ’க்கு வெறும் 7-ஆ? (சேலம்)

27 பாட்டு, இரண்டு மணி நேரத்துக்கும் மேல். 1995 அக்டோபரில் சிறையிலிருந்து ஜாமீனில் வந்தவர் நேராக ஸ்டூடியோவுக்குப் போய் வெறியோடு பதிவு செய்தது, 1996 பிப்ரவரியில் வெளிவந்தது, அதே ஆண்டு செப்டம்பரில் அவரே இறந்துபோனார். அந்த வேகம் முதல் டிஸ்க்கில் சிலிர்க்க வைக்கிறது. இரண்டாவது டிஸ்க்கை மட்டும் தனியாக ஒரு முறை கேட்டுப் பாருங்கள், 7 ஏன் என்று புரியும். 14 பாட்டோடு நிறுத்தியிருந்தால் 9 போட்டிருப்பேன். முழு டூபாக் வேண்டுமென்றால் 1995-இல் வந்த ‘மீ அகெய்ன்ஸ்ட் த வேர்ல்ட்’ கேளுங்கள்.

டாக்டர் ட்ரேவின் ‘த க்ரானிக்’ என் இளமைக் கால ஆல்பம். போன வாரம் காரில் போட்டேன், பின்சீட்டில் 15 வயது மகள், பாதியில் அணைக்க வேண்டியதாகிவிட்டது. அன்று கொண்டாடியதற்கு இன்று மார்க்கைக் குறைப்பது நியாயமா? (கோவை)

நியாயம்தான். நானும் 9-லிருந்து 7.5-க்குக் குறைத்திருக்கிறேன். ஒலியில் ஒரு குறையும் இல்லை. 1992 டிசம்பரில் இது வந்த பிறகு லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் ராப்பின் சத்தமே மாறிப்போனது: நெளிந்து நெளிந்து மேலே போகிற சின்தசைசர், பார்லமென்ட்-ஃபங்கடெலிக் என்கிற பழைய ஃபங்க் இசைக்குழுவிலிருந்து வந்த தடித்த பேஸ், பழைய பாட்டை வெட்டி ஒட்டுவதோடு நிற்காமல் வாத்தியக்காரர்களை உட்காரவைத்து மறுபடி வாசிக்க வைத்த முறை, எல்லாவற்றுக்கும் மேல் 21 வயது ராப்பர் ஸ்னூப்பின் அலட்டிக்கொள்ளாத குரல்.

ஆனால் கடைசி ட்ராக்கின் பெயரே பெண்களை வைகிற வசவு. அன்று ஆங்கிலம் பாதிதான் புரிந்தது, புரிந்த பாதியையும் ‘ஸ்டைல்’ என்று விட்டுவிட்டோம். அதோடு 1991-இல் டீ பார்ன்ஸ் என்கிற தொலைக்காட்சித் தொகுப்பாளரை ட்ரே தாக்கிய வழக்கு இருக்கிறது, தன்னால் காயப்பட்ட பெண்களிடம் 2015-இல் அவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். இதைத் தெரிந்துகொண்டு அந்த வரிகளைக் கேட்கும்போது வெறும் வரிகளாகக் கேட்கவில்லை. என் அக்கா அந்தக் காலத்திலேயே கேட்டாள், “இதில் என்னைப் பற்றி என்ன சொல்கிறான் என்று தெரிந்துதான் போடுகிறாயா?” பதில் சொல்லாமல் சத்தத்தைக் குறைத்தேன். அந்த ஒன்றரை மார்க் அக்காவின் கேள்விக்காக.

ஒன்று செய்யுங்கள், இதே ஆல்பத்தில் லேடி ஆஃப் ரேஜ் பாடுகிற இடங்களைக் கவனியுங்கள். அத்தனை ஆண்களுக்கு நடுவில் அந்தப் பெண் குரல் அதிர்கிறது. மகளுக்கு 1998-இல் வந்த லாரின் ஹில்லின் ‘மிஸ்எஜுகேஷன்’ போட்டுக் காட்டுங்கள். கிராமியில் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருதை வென்ற முதல் ஹிப் ஹாப் ஆல்பம். என் மார்க் 9.

டி லா சோலின் ‘3 ஃபீட் ஹை அண்ட் ரைசிங்’ 1989-இல் வந்தது என்கிறீர்கள், ஸ்ட்ரீமிங்கில் 2023-இல்தான் வந்தது. ஏன் இவ்வளவு தாமதம்? (கொழும்பு)

சாம்பிள் உரிமைதான் காரணம். தயாரிப்பாளர் பிரின்ஸ் பாலும் டி லா சோல் குழுவின் மூன்று பேரும் கைக்குக் கிடைத்த ரெக்கார்டையெல்லாம் கலந்திருந்தார்கள், பிரெஞ்சு மொழிப் பாட ரெக்கார்டு உட்பட. அந்தப் பாடத்துக்கு அடியில் ஓடியது த டர்டில்ஸ் குழுவின் பாட்டு, அதற்கு வழக்கு வந்து நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆனது. அன்றைய ஒப்பந்தங்கள் கேசட்டையும் ரெக்கார்டையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை, டிஜிட்டலுக்கு என்று வந்தபோது எல்லாவற்றையும் முதலிலிருந்து பேச வேண்டியிருந்தது. 2023 மார்ச் 3-இல் ஆல்பம் ஸ்ட்ரீமிங்குக்கு வந்தது. அதற்கு மூன்று வாரம் முன்பு, பிப்ரவரி 12-இல், குழுவின் ட்ரூகாய் இறந்துபோனார். ஆல்பம் ஸ்ட்ரீமிங்குக்கு வந்த அன்று காலை முதல் ட்ராக்கைப் போட்டுவிட்டு, அந்தக் கேலியும் கும்மாளமுமான குரலைக் கேட்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. முன்பு ஸ்கிட்டுகளை (பாட்டுகளுக்கு நடுவே வரும் சின்ன நாடகத் துண்டுகளை) தாண்டிவிடுவேன், அதனால் 7 என்று நினைத்திருந்தேன். தாண்டாமல் கேட்டால் 9.

நம் இசையோடு தொடர்புள்ள பழைய ஆல்பம் ஒன்றுக்கு மார்க் போடுங்களேன். (மதுரை)

மாயா அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ., 2007-இல் வெளியிட்ட ‘கலா’. லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்தவர், ஆல்பத்துக்கு அம்மாவின் பெயரை வைத்தார். ஒரு பகுதி சென்னையில் பதிவானது, ‘பேர்ட் ஃப்ளூ’வில் உறுமி உறுமுகிறது. முதல் ட்ராக் ‘பேம்பூ பங்கா’வைப் போட்டு, சத்தத்தை ஏற்றிக் காத்திருங்கள். ‘தளபதி’யில் இளையராஜா போட்ட ‘காட்டுக்குயிலு’ உள்ளே வரும். 9 மார்க். வந்தவுடன் எத்தனையாவது நிமிடம் என்று எனக்கு எழுதுங்கள்.