பிசகிய கணுக்கால் மறுபடி மறுபடி மடங்குவது ஏன்?

கேள்வி: வயது 21, கபடி ஆடுகிறேன். இரண்டு மாதத்துக்கு முன் வலது கணுக்கால் உள்பக்கமாக மடங்கிப் பிசகியது. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. வீக்கம் வற்றிவிட்டது, ஆனால் ஆடும்போது அடிக்கடி மடங்குகிறது. கால் ஸ்கேன் செய்து ஷூவுக்குள் வைக்கும் இன்சோல் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: வேண்டாம். பலகை மேல் நிற்கவைத்துக் காட்டும் அந்த வண்ணப்படம், பாதத்தில் எடை எங்கே விழுகிறது என்று மட்டும்தான் சொல்லும். கிழிந்த ஜவ்வு அதில் தெரியாது. ஆளை அனுப்பிவைப்பவருக்குக் கமிஷன் போகிற வியாபாரம் இதில் நிறைய நடக்கிறது. 'நரம்பு புரண்டிருக்கு' என்று எண்ணெய் தடவி வெடுக்கென்று இழுப்பவரிடமும் காலைக் கொடுக்காதீர்கள். பாதி ஆறிய ஜவ்வு மறுபடி கிழியலாம்.

வீக்கம் வற்றினாலும், கெண்டைக்காலின் வெளிப்புறத் தசை பலவீனமாகவே இருக்கும். கால் மடங்கத் தொடங்கும்போது சட்டென்று இழுத்துப் பிடிக்காது. அதைப் பழக்க வேண்டும்.

சுவரை விரலால் தொட்டபடி ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்குங்கள். ஏற 2 வினாடி, இறங்க 3 வினாடி. 12 தடவை, 3 சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான்: மேலே போகும்போது எடை சுண்டுவிரல் பக்கம் சாயும். பாதம் உள்பக்கமாக மடங்கிப் பிசகியபோதும் எடை அந்தப் பக்கம்தான் சாய்ந்தது. கட்டைவிரலின் அடிமேடு தரையை அழுத்தியே இருக்கட்டும். இதையே முழங்காலை லேசாக மடக்கியும் செய்யுங்கள். பிறகு உடற்பயிற்சிக்கான ரப்பர் பேண்டைப் பாதத்தில் மாட்டி, வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். 15 தடவை, 3 சுற்று. முழங்கால் திரும்பினால் வேலை செய்வது தொடை, கணுக்கால் அல்ல. தினமும் ஒற்றைக் காலில் 30 வினாடி நில்லுங்கள். எளிதானதும் கண்ணை மூடி, அடுத்துத் தலையணை மேல்.

ஒரு விஷயத்தைக் கபடிக்காரர் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். எதிரணி கணுக்காலைப் பிடித்திருக்க, உடல் மட்டும் திரும்பி அடிபட்டதா? வலி கணுவுக்கு மேலே, முழங்காலுக்குக் கீழே உள்ள இரண்டு எலும்புகளுக்கும் நடுவில் இருக்கிறதா? கெண்டைக்காலை நடுவில் இருபுறமும் அழுத்தினால் கீழே சுரீர் என்கிறதா? பாதத்தை வெளிப்பக்கம் திருப்பினால் வலிக்கிறதா? அப்படியானால் கிழிந்தது அந்த எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஜவ்வாக இருக்கலாம். படுக்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில் அந்த எலும்புகள் விலகிய இடைவெளி தெரியாமல் போகலாம். எடை ஊன்றி நிற்கவைத்து, இரண்டு காலுக்கும் எடுக்கச் சொல்லி எலும்பு மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை மேலே சொன்ன எந்தப் பயிற்சியும் கூடாது.

ஓ.பி. சீட்டில் 'ரெஸ்ட், கிரேப் பேண்டேஜ், மாத்திரை 5 நாள்' என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். பயிற்சியைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. மாவட்ட அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது, கட்டணம் கிடையாது. அங்கே அனுப்பச் சொல்லி நீங்களே கேளுங்கள். டோர்னமென்டில் வலி தெரியாமலிருக்க ஸ்ப்ரே அடித்து இறக்கிவிடுகிறவர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

குதிகால் தூக்குவது இடது காலில் எத்தனை தடவையோ, வலதிலும் அத்தனை வர வேண்டும். 25 வந்தால் நல்லது. ஒற்றைக் காலில் பக்கவாட்டில் தாவி இறங்கும்போது வலியோ தடுமாற்றமோ இருக்கக் கூடாது. அதன் பிறகு களம் இறங்குங்கள். முதல் ஒரு வருடம் ஆட்டத்தின்போது கயிறு கட்டும் வகை ஆங்க்கிள் பிரேஸ் இருக்கட்டும்.