டி.வி. தொடரைப் படிக்க ஒரு பட்டமா?

அன்புள்ள அம்மா,

போன சனிக்கிழமை ஊடகவியல் படிக்கும் பேச்சு வந்தபோது நீங்கள் 'டி.வி. தொடரைப் படிக்க ஒரு பட்டமா?' என்று கேட்டதும் உங்கள் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அவள் மடியில் இருந்த நோட்டை வாங்கிப் பார்த்தேன். 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' என்ற அமெரிக்க விண்வெளித் தொடரின் காட்சிகள் இடப்பக்கம், அவளுடைய கேள்விகள் வலப்பக்கம். அந்தக் கதையில் மனிதர்கள் பல தெய்வங்களைக் கும்பிடுகிறார்கள். அவர்களை அழிக்க வந்த இயந்திரங்களுக்கு ஒரே கடவுள். "காவடி எடுக்கிற நம்மை இவர்கள் எந்தப் பக்கம் வைப்பார்கள்?" என்று எழுதியிருக்கிறாள். மூன்றாம் சீசனில் மனிதர்களின் ஊரை இயந்திரங்கள் பிடித்துக்கொள்ள, நாம் அதுவரை நேசித்த மனிதர்களே உடம்பில் குண்டைக் கட்டி ஆள் அனுப்புகிறார்கள். அது ஒளிபரப்பானது 2006-ல், ஈராக்கில் அமெரிக்கப் படை இருந்த சமயம். 2009 மார்ச்சில் நியூயார்க் ஐ.நா. தலைமையகத்திலேயே இந்தத் தொடரை முன்வைத்து மனித உரிமை, பயங்கரவாதம் பற்றி விவாதித்தார்கள். பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியவில்லை, பாருங்கள்.

நம் தென்னாப்பிரிக்காவுக்கே வருவோம். 1968-ல் அமெரிக்காவின் 'ஸ்டார் டிரெக்' தொடரில் வெள்ளைக்காரக் கேப்டனும் கறுப்பினப் பெண் அதிகாரியும் முத்தமிடும் காட்சி வந்தது. அப்போது இங்கே டி.வி.யே கிடையாது, 1976-ல்தான் வந்தது. இங்கே வெள்ளையரும் மற்ற இனத்தவரும் அப்படிச் சேர்ந்து வாழ்ந்தால் ஜெயில். அந்தச் சட்டம் போனது 1985-ல். இனம் பார்த்துக் குடியிருப்பைப் பிரித்த அந்த நாட்களில் உங்கள் மாமியார் குடும்பத்தை டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து கிளப்பி, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து விட்டார்கள் என்றீர்களே, யாரை மனிதராக எண்ணுவது என்ற அதே கேள்வியைத்தான் உங்கள் மகளும் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

சரி, சோற்றுக்கு என்ன வழி? ஊடகவியல் மட்டும் படிக்கிறேன் என்றால் நானே வேண்டாம் என்பேன். இந்தத் தொடர்களைப் பற்றி ஆழமாக எழுத சமயவியலோ அரசியலோ வரலாறோ கைவசம் இருக்க வேண்டும். மூன்று வருட பி.ஏ.வில் ஊடகவியலோடு அவற்றில் ஒன்றை மேஜராக, அதாவது முக்கியப் பாடமாக எடுக்கட்டும். ஆங்கிலத்தையும் விட வேண்டாம்: பி.ஏ.வில் பள்ளிப் பாடம் இருந்தால்தான் பிறகு ஒரு வருட ஆசிரியர் பயிற்சிக்குப் போக முடியும். சட்டம் பிடித்தால் பி.ஏ.வுக்குப் பிறகு எல்.எல்.பி. என்ற சட்டப் பட்டம் படிக்கலாம். ஆராய்ச்சிதான் என்றால் ஹானர்ஸ் ஒரு வருடம், அப்புறம் மாஸ்டர்ஸ்.

மெட்ரிக்கில், அதாவது பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில், பட்டப்படிப்புக்குத் தகுதி தரும் பேச்சிலர் பாஸ் வாங்கியாக வேண்டும். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்துக்கு சி.ஏ.ஓ. என்ற பொது விண்ணப்ப அலுவலகம் வழியாக விண்ணப்பம், கடைசி வாரம் வரை இழுக்காதீர்கள். வீட்டு வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்ற அரசு மாணவர் நிதி உதவிக்கும் போடுங்கள்.

இந்த வாரம் ஒரு எபிசோடை அவளோடு உட்கார்ந்து பாருங்கள், நடுவில் பேசாமல். மறுநாள் அதைப் பற்றி அவள் ஒரு பக்கம் எழுதட்டும். கதையை மட்டும் சொல்லியிருந்தால் இன்னும் யோசிப்போம். கேள்வி கேட்டிருந்தால் விண்ணப்பத்தை நிரப்புவோம். அடுத்த சனிக்கிழமை அந்தப் பக்கத்தோடு இருவரும் வாருங்கள்.