அரிக்கொம்பனும் வைகைத் தண்ணீரும்

கேள்வி: முல்லைப் பெரியாறு தண்ணீர் கேரளத்திலிருந்து எல்லை தாண்டித்தானே வைகைக்கு வருகிறது? அந்தக் காட்டு விலங்குகளும் மீன்களும் கூடவே நம் பக்கம் வந்துவிடாதா? (வாசகி, தேவிபட்டினம்)

பதில்: எல்லை தாண்டுவதைப் பற்றி தேவிபட்டினத்திலிருந்து கேட்கிறீர்கள்! நம் மீனவர் கரையில் அந்த இரண்டு சொல் காதில் விழுந்தாலே பாதி வீட்டில் அடுப்பு எரியாது. கடலில் கோடு எங்கே என்று கேட்டு நான் எழுதாத இதழ் இல்லை. சரி, இந்த வாரம் ஆற்றோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பெரியாறு மேற்கே அரபிக்கடலுக்குப் போகப் பிறந்த ஆறு. பென்னிகுவிக் அணை கட்டி, மலையைக் குடைந்து, 1895-ல் அதைக் கிழக்கே திருப்பிவிட்டார். இன்று அந்தத் தண்ணீர் சுரங்கத்தில் வந்து, ராட்சதக் குழாய்களில் இறங்கி, லோயர் கேம்பில் டர்பைனைச் சுற்றிவிட்டு, அப்புறம்தான் கம்பம் பள்ளத்தாக்கைப் பார்க்கிறது. தேக்கடி ஏரியில் குளிக்கும் யானைக்கு அந்த வழி தோதுப்படாது. நீர்நாய்க்கும் சிபாரிசு செய்யமாட்டேன். பெரியாற்று ஓடைகளைத் தவிர உலகில் வேறெங்குமே இல்லாத கெண்டை வகை ஒன்று அங்கே இருக்கிறது. அது அங்கேயே சௌக்கியமாக இருக்கட்டும். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஜிலேபிக் கெண்டையோ தேக்கடியிலும் இருக்கிறது, நம் கண்மாயிலும் இருக்கிறது. மனிதன் கொண்டுவந்து விட்டது. எல்லை தாண்டியதற்காக அதை யாரும் பிடிப்பதில்லை, பிடித்தாலும் பொரிக்கத்தான்.

முறையாக எல்லை தாண்டியவன் அரிக்கொம்பன். ரேஷன் அரிசியில் ருசி கண்ட யானை. 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். அவன் மேகமலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு மே மாதமே கம்பம் தெருவில் வந்து நின்றான். ஊருக்கு 144 போட்டார்கள். ஜூனில் தமிழக வனத்துறை பிடித்து, களக்காடு முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோய் விட்டது. மலையாளத்தில் புறப்பட்டுத் தமிழில் முடிந்த அந்தப் பயணத்துக்கு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதே காட்டுத் தண்ணீர் நம் ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வந்து சேர எத்தனை மாதம், எத்தனை மனு! தண்ணீருக்கும் ஒரு காலர் மாட்டினால் எங்கே நின்றுவிட்டது என்றாவது தெரியும்.

மாநில எல்லையில் 1886-லேயே 999 வருஷத்துக்குக் குத்தகை எழுதியாயிற்று. வம்பெல்லாம் மாவட்ட எல்லைகளில்தான். தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை என்று ஒவ்வொருவரும் கை நனைத்த பிறகு, பார்த்திபனூர் மதகு அணையில் நாம் கையேந்தி நிற்கிறோம். சித்திரையில் மதுரையில் அழகர் இறங்கத் தண்ணீர் திறப்பார்கள். பரமக்குடியிலும் பெருமாள் இதே வைகையில்தான் இறங்குகிறார். பல வருஷம் மணலில்.

மதுரை நண்பர் ஒருவர் இதற்கு வழக்கமாக ஒரு பதில் வைத்திருக்கிறார். சிவனுக்கு நஞ்சைக் கொடுத்த கடலில் கலக்கமாட்டேன் என்று வைகை வைராக்கியமாக இருக்கிறதாம், பழம்புலவர் பாடியிருக்கிறாராம். வைராக்கியமும் இல்லை, ஒன்றும் இல்லை. வழியெல்லாம் கண்மாய்கள், கடைசியில் ராமநாதபுரம் பெரிய கண்மாய். எல்லாம் நிரம்பி மிச்சம் இருந்தால் ஆற்றங்கரை கிராமத்துப் பக்கம் பாக் நீரிணையில் கலக்கத்தான் செய்கிறது. அவரே ஒரு நல்ல மழைக்குப் பிறகு வந்து கால் நனைத்துப் பார்க்கட்டும்.

விலங்கு கேட்டீர்களே, நம் முனையில் பறவைதான். சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் இரண்டு சரணாலயங்களும் 2025-ல் உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறிவிட்டன. கண்மாயில் தண்ணீர் நின்றால் நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டுகின்றன. கூழைக்கடா வந்து உட்காரும்போது கிளை ஒரு முழம் தாழும், பக்கத்துக் கூட்டுக் குஞ்சுகள் கத்தும். கூடு கட்டும் மரம் கருவேலம்தான், அதில் நான் இருபது வருஷமாக வேரோடு பிடுங்கச் சொல்லும் சீமைக்கருவேலமும் அடக்கம். இதற்காகவெல்லாம் என் கட்சி மாறாது. ஆற்றுக்குள் நிற்பதை முதலில் பிடுங்குங்கள், கூடு இருக்கும் மரத்தை அப்புறம் பேசலாம்.

மதுரை நண்பர் மறுப்பு அனுப்புவார். ஒரு பக்கத்துக்கு மேல் போனால் போடமாட்டோம், வெண்பாவாக இருந்தாலும் சரி.